பழைய தீர்ப்பு இன்று என்ன சொல்கிறது? அமெரிக்க ஃபெடரல் நீதிமன்றங்கள் முன்தீர்ப்புகளை எடுத்தாளும் விதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன சில மணி நேரத்தில் தமிழில் செய்தி வந்துவிடுகிறது. விசா, குடியுரிமை, பல்கலைக்கழகச் சேர்க்கை என்று நம் உறவினர்களின் வாழ்க்கையைத் தொடும் வழக்குகளும் அவற்றில் உண்டு. "இது 1898-லேயே தீர்ந்துபோன விஷயம்", "அந்தத் தீர்ப்பு இப்போது செல்லாது" என்ற வரிகளை அச்செய்திகளில் அடிக்கடி பார்க்கிறோம். தீர்ப்பு வெளியான நாளோடு அதன் பொருள் முடிந்துவிடுவதில்லை. பின்னால் அதை மேற்கோள் காட்டும் நீதிபதிகள், அது எதைத் தீர்மானித்தது, எவ்வளவு தூரம் செல்லும் என்பதைத் தொடர்ந்து எழுதிக்கொண்டே போகிறார்கள். அது எப்படி நடக்கிறது என்று கேட்பவர்களுக்கான பக்கம் இது.

ஒரு ஃபெடரல் தீர்ப்பு யாரையெல்லாம் கட்டுப்படுத்தும்?

ஃபெடரல் என்றால் மாநிலங்களுடையது அல்லாத, மத்திய அரசின் நீதிமன்ற அமைப்பு. அடித்தளத்தில் 94 மாவட்ட நீதிமன்றங்கள், நடுவில் 13 மேல்முறையீட்டு நீதிமன்றங்கள், உச்சியில் உச்ச நீதிமன்றம். மேல்முறையீட்டு நீதிமன்றங்களை "சர்க்யூட்" என்பார்கள்.

உச்ச நீதிமன்றம் சொன்னது எல்லோரையும் கட்டுப்படுத்தும். ஒரு சர்க்யூட் சொன்னது அதன் கீழுள்ள மாவட்ட நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தும். பக்கத்துச் சர்க்யூட்டைக் கட்டுப்படுத்தாது. அதனால்தான் ஒரே சட்டப்பிரிவுக்குக் கலிபோர்னியாவில் ஒரு பொருளும் டெக்சாஸில் வேறொரு பொருளும் பல ஆண்டுகள் நிலவ முடிகிறது. மாவட்ட நீதிபதியின் தீர்ப்போ வேறு எந்த நீதிபதியையும் கட்டுப்படுத்தாது. வேறொரு வழக்கில் அவரையே கூடக் கட்டுப்படுத்தாது என்று 2011-இல் கேம்ரெட்டா வழக்கில் உச்ச நீதிமன்றம் நினைவூட்டியது. "அமெரிக்க ஃபெடரல் நீதிமன்றம் தீர்ப்பு" என்று தலைப்பைப் பார்த்தால் முதலில் எந்தப் படியிலுள்ள நீதிமன்றம் என்று பாருங்கள். செய்திகளில் அதிகம் விடுபடும் தகவல் இதுதான்.

சர்க்யூட்டில் வழக்கமாக மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளிக்கும். அதே சர்க்யூட்டின் இன்னொரு மூவர் அமர்வு, அது பிடிக்கவில்லை என்பதற்காக மாற்ற முடியாது. நீதிபதிகள் கூடி அமரும் பெரிய அமர்வோ உச்ச நீதிமன்றமோதான் மாற்ற முடியும். 1981-இல் பழைய 5-வது சர்க்யூட்டைப் பிரித்து அலபாமா, ஃப்ளோரிடா, ஜார்ஜியா மாநிலங்களுக்கென்று 11-வது சர்க்யூட்டை உருவாக்கினார்கள். புது நீதிமன்றத்துக்கு முன்தீர்ப்பு என்று ஒன்றுமே இல்லை. ஆகவே அது போனர் எதிர் பிரிச்சர்ட் நகரம் வழக்கில், 1981 செப்டம்பர் 30 வரை பழைய 5-வது சர்க்யூட் சொன்னதெல்லாம் தன்னையும் கட்டுப்படுத்தும் என்று அறிவித்துக்கொண்டது. முன்தீர்ப்பு இல்லாமல் அங்கே ஒரு நீதிமன்றம் ஒரு நாள்கூட இயங்க விரும்புவதில்லை.

தீர்ப்பில் எழுதியுள்ள எல்லா வரியும் சட்டம்தானா?

இல்லை. வழக்கைத் தீர்க்கத் தேவையாக இருந்த சட்ட முடிவு மட்டுமே கட்டுப்படுத்தும். நம் வழக்கறிஞர்கள் இதை "ரேஷியோ" என்பார்கள். அமெரிக்கர்கள் "ஹோல்டிங்" என்பார்கள். போகிறபோக்கில் சொன்ன மற்ற கருத்துகள் மதிக்கப்படலாம், ஆனால் கட்டுப்படுத்தாது.

இதற்குத் தொடக்ககாலச் சான்று தலைமை நீதிபதி ஜான் மார்ஷல். 1803-இல் மார்பரி எதிர் மேடிசன் தீர்ப்பில் உச்ச நீதிமன்றத்தின் அதிகார வரம்பைப் பற்றி அவர் விரிவாக எழுதியிருந்தார். 1821-இல் கோஹன்ஸ் எதிர் வர்ஜீனியா வழக்கில் வர்ஜீனியா மாநிலத்தின் வழக்கறிஞர்கள் அதே வரிகளை எடுத்து அவருக்கு எதிராகவே நீட்டினார்கள். ஒரு தீர்ப்பின் பொதுவான சொற்களை அந்த வழக்கோடு சேர்த்தே படிக்க வேண்டும், வழக்கைத் தாண்டிச் சொன்னவை பின்னொரு வழக்கில் அதே கேள்வி நேரடியாக வரும்போது கட்டுப்படுத்தா என்பது மார்ஷலின் பதில். எழுதியவரே பதினெட்டு ஆண்டுகள் கழித்துத் தன் தீர்ப்பின் ஒரு பகுதியைக் கட்டுப்படுத்தாத கருத்து என்று ஒதுக்கினார்.

ஆனால் எது ஹோல்டிங், எது உபரி என்று தீர்ப்பிலேயே கோடு போட்டிருக்காது. பின்னால் வரும் நீதிபதிதான் கோடு போடுகிறார். சண்டை எல்லாம் அங்கேதான்.

இன்றைய உதாரணம் ஒன்று சொல்ல முடியுமா?

வோங் கிம் ஆர்க் வழக்கு. அவர் சீனப் பெற்றோருக்குச் சான் ஃபிரான்சிஸ்கோவில் பிறந்த மகன். சீனாவுக்குப் போய் 1895-இல் திரும்பியபோது நாட்டுக்குள் விட மறுத்தார்கள். அமெரிக்க மண்ணில் பிறந்ததால் அவர் குடிமகன்தான் என்று 1898-இல் 6-க்கு 2 என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதி ஹொரேஸ் கிரே எழுதிய அந்தத் தீர்ப்பு, பெற்றோர் அமெரிக்காவில் "நிரந்தரக் குடியிருப்பு" கொண்டவர்கள் என்பதையும் குறிப்பிடுகிறது.

தாய் சட்டவிரோதமாகவோ தற்காலிக விசாவிலோ இருந்து, தந்தையும் குடிமகனாகவோ கிரீன் கார்டு பெற்றவராகவோ இல்லாவிட்டால் குழந்தைக்குக் குடியுரிமை இல்லை என்று 2025 ஜனவரி 20 அன்று ஓர் அதிபர் ஆணை வந்தது. எச்-1பி விசாவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றை இது நேராகத் தொட்டது. ஆணையை ஆதரித்தவர்கள், "நிரந்தரக் குடியிருப்பு" என்பது அந்த ஹோல்டிங்கின் ஒரு பகுதி, ஆகவே 1898 தீர்ப்பு தற்காலிகமாக இருப்பவர்களைப் பற்றிப் பேசவில்லை என்றார்கள். எதிர்த்தவர்கள், தீர்ப்பின் காரண ஓட்டம் முழுவதும் பிறந்த இடத்தையே அடிப்படையாகக் கொண்டது, குடியிருப்பு பற்றிய குறிப்பு வழக்கின் விவரம் மட்டுமே என்றார்கள். 2025-இல் இந்த ஆணையை நிறுத்திவைத்த மாவட்ட நீதிமன்றங்கள் இரண்டாவது வாசிப்பையே ஏற்றன. என் வாசிப்பும் அதுதான்: கிரே அந்த நீண்ட தீர்ப்பில் பெரும்பகுதியை மண்ணில் பிறந்தவர் பற்றிய ஆங்கிலேயப் பொதுச்சட்ட மரபுக்கே செலவிட்டிருக்கிறார். ஆனால் இங்கே கவனிக்க வேண்டியது வேறு. நூற்று இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேற்பட்ட தீர்ப்பைப் பற்றி, "அது எதைத் தீர்மானித்தது" என்ற கேள்வி 2025-இலும் நீதிமன்றத்தில் வாதமாக நிற்க முடிந்தது.

முந்தைய தீர்ப்பை மாற்றாமலே அதன் பொருளை மாற்ற முடியுமா?

முடியும். இந்தியர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சான்று 1923-இல் இருக்கிறது.

அன்றைய சட்டப்படி "சுதந்திரமான வெள்ளையர்களும்" ஆப்பிரிக்க வம்சாவளியினரும் மட்டுமே விண்ணப்பித்துக் குடியுரிமை பெற முடியும். 1922 நவம்பர் 13 அன்று, ஜப்பானில் பிறந்து அமெரிக்காவில் நெடுங்காலம் வாழ்ந்த தகாவோ ஒசாவாவின் வழக்கில், "வெள்ளையர்" என்பது "காக்கேசிய இனத்தவர் என்று பொதுவாக அறியப்படுவோரை"க் குறிக்கும், ஜப்பானியர் அதில் அடங்கமாட்டார் என்று உச்ச நீதிமன்றம் ஏகமனதாகச் சொன்னது. கீழ் ஃபெடரல் நீதிமன்றங்களின் நீண்ட தீர்ப்பு வரிசை அப்படித்தான் சொல்லிவந்தது என்று அதற்கு ஆதாரமும் காட்டியது. எழுதியவர் நீதிபதி ஜார்ஜ் சதர்லாண்ட்.

அடுத்து பகத் சிங் திண்டின் வழக்கு. பஞ்சாபில் பிறந்தவர், முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தவர். அன்றைய இனவியல் நூல்கள் வட இந்தியரைக் காக்கேசிய இனத்தில் வைத்தன. ஒசாவா தீர்ப்பை அப்படியே பொருத்தினால் அவர் வென்றிருக்க வேண்டும். 1923 பிப்ரவரி 19 அன்று, அதாவது மூன்றே மாதத்தில், அதே சதர்லாண்ட் ஏகமனதான தீர்ப்பை எழுதினார். ஒசாவா வழக்கில் "காக்கேசியர்" என்று சொன்னதோடு விஷயம் முடியவில்லையாம். அந்தச் சொல் நெகிழ்வானதாம். விஞ்ஞானியின் வகைப்பாடு வேண்டாம், சாதாரண மனிதன் யாரை வெள்ளையன் என்று நினைக்கிறானோ அதுவே அளவாம். திண்ட் தோற்றார்.

இரண்டு தீர்ப்புகளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்துப் பாருங்கள். ஒசாவாவின் ஒரே தொடரில் "காக்கேசிய இனத்தவர்" என்பதும் இருக்கிறது, "பொதுவாக அறியப்படுவோர்" என்பதும் இருக்கிறது. ஜப்பானியரை விலக்கியபோது பாரம் முதல் பகுதியில் விழுந்தது. இந்தியரை விலக்கியபோது பாரம் இரண்டாவது பகுதிக்கு மாறியது. ஒசாவாவை மாற்றுகிறோம் என்று ஒரு வார்த்தை இல்லை, விளக்குவதாகவே எழுதப்பட்டது. அந்த விளக்கத்தைப் பிடித்துக்கொண்டு, ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்கள் பலரிடமிருந்து அதைப் பறிக்க அரசு வழக்குப் போட்டது. 1946-இல் லூஸ்-செல்லர் சட்டம் வந்த பிறகே இந்தியர்களுக்கு அந்தக் கதவு திறந்தது. முந்தைய தீர்ப்பை "விவரிப்பது" ஏதோ எழுத்து நடை சம்பந்தமான விஷயம் என்று யாராவது நினைத்தால் இந்த வழக்கைக் காட்டலாம்.

"ரிவர்ஸ்" ஆனதும் "ஓவர்ரூல்" ஆனதும் ஒன்றா?

வேறு வேறு. அதே வழக்கு மேல்முறையீட்டுக்குப் போய்க் கீழ் நீதிமன்றத்தின் முடிவு ரத்தானால் அது ரிவர்ஸ். வேறொரு வழக்கில், முன்பு தீர்ந்துபோன வழக்கின் சட்ட விதியை இனி ஏற்கமாட்டோம் என்று அறிவித்தால் அது ஓவர்ரூல். இனங்களைப் பிரித்துவைப்பதை ஏற்ற, "தனித்தனியே, ஆனால் சமமாக" என்ற பிளெஸ்ஸி வழக்கின் விதி 1954-இல் பிரௌன் வழக்கில் பொதுப் பள்ளிகளைப் பொறுத்தவரை நிராகரிக்கப்பட்டது. அதனால் 1896-இல் தோற்ற பிளெஸ்ஸி ஜெயித்துவிடவில்லை.

இவை இரண்டுக்கும் வெளியே, அதிகம் நடப்பது வேறுபடுத்தல்: "அந்த வழக்கின் உண்மைகள் வேறு, ஆகவே அந்த விதி இங்கே பொருந்தாது". இதை அளவோடு செய்தால் நேர்மையான வேலை. ஒரே தீர்ப்பை இருபது முறை வேறுபடுத்திவிட்டால் அது பொருந்தும் வழக்கே மிஞ்சாது.

ஒரே தீர்ப்பைப் பல தலைமுறைகள் பலவிதமாக விவரித்ததற்குச் சான்று உண்டா?

மிராண்டா. "நீங்கள் பேசாமல் இருக்கலாம், வழக்கறிஞர் வைத்துக்கொள்ளலாம்" என்று காவலர் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்ற 1966 தீர்ப்பு, 5-க்கு 4. பிடிக்காத நாடாளுமன்றம் 1968-இல் அதை மீறும் விதமாக ஒரு சட்டமே இயற்றியது.

உச்ச நீதிமன்றம் மிராண்டாவைக் கைவிடவில்லை, விவரிப்பை மாற்றியது. 1971-இல் ஹாரிஸ் வழக்கில், எச்சரிக்கை இல்லாமல் பெற்ற வாக்குமூலத்தை, குற்றவாளிக் கூண்டிலிருப்பவர் சாட்சியம் சொல்லும்போது அவரை மடக்கப் பயன்படுத்தலாம் என்றது. 1974-இல் டக்கர் வழக்கில் நீதிபதி வில்லியம் ரென்குவிஸ்ட், மிராண்டாவின் எச்சரிக்கைகள் அரசியலமைப்பு உரிமைகளே அல்ல, அந்த உரிமையைக் காக்கும் நடைமுறை ஏற்பாடுகள் என்று எழுதினார். 1984-இல் குவார்ல்ஸ் வழக்கில் பொதுப் பாதுகாப்புக்கு ஒரு விதிவிலக்கு. அதையும் எழுதியவர் அவரே.

இந்த விவரிப்பைக் கீழ் நீதிமன்றம் உண்மையாகவே எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? 1999-இல் 4-வது சர்க்யூட் எடுத்துக்கொண்டது: மிராண்டா அரசியலமைப்பு விதி இல்லையென்றால் 1968 சட்டம் அதை மாற்றியிருக்க முடியும் அல்லவா, ஆகவே அந்தச் சட்டமே செல்லும் என்றது. தர்க்கத்தில் பிழை சொல்ல முடியாது. ஆனால் 2000-இல் டிக்கர்சன் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்று அதை ரத்து செய்தது. மிராண்டா அரசியலமைப்பின் அடிப்படையில் எழுந்த தீர்ப்பு, நாடாளுமன்றம் அதைத் தொட முடியாது என்றது. எழுதியவர், அப்போது தலைமை நீதிபதியாகிவிட்ட அதே ரென்குவிஸ்ட்.

அதோடும் நிற்கவில்லை. எச்சரிக்கை சொல்லாத காவலர்மீது இழப்பீட்டு வழக்குப் போட முடியுமா என்ற கேள்வி 2022-இல் வேகா எதிர் டெக்கோவில் வந்தபோது, 6-க்கு 3 என்ற தீர்ப்பில் நீதிபதி அலிட்டோ டிக்கர்சனையே மறுபடி விவரித்தார். அரசியலமைப்பின் "அடிப்படையில்" எழுந்தது என்றால் மீறல் ஒவ்வொன்றும் அரசியலமைப்பு மீறல் என்று ஆகாது என்பது அவர் கூற்று. ஆக இன்று மிராண்டா என்ன சொல்கிறது என்று அறிய 1966 தீர்ப்பை மட்டும் படித்தால் போதாது. இந்த வரிசை முழுவதையும் படிக்க வேண்டும்.

கைவிடுகிறோம் என்று சொல்லாமலே ஒரு தீர்ப்பு உயிரிழக்குமா?

மதமும் அரசும் பற்றிய 1971-ஆம் ஆண்டு லெமன் எதிர் கர்ட்ஸ்மன் தீர்ப்பு ஒரு மூன்றுபடிச் சோதனையைத் தந்தது. கீழ் நீதிமன்றங்கள் அதை அரை நூற்றாண்டு பயன்படுத்தின. உச்ச நீதிமன்றமோ சில வழக்குகளில் பயன்படுத்தும், சிலவற்றில் கண்டுகொள்ளாது. 2022-இல், விளையாட்டு மைதானத்தில் பிரார்த்தனை செய்த பள்ளிக் கால்பந்துப் பயிற்சியாளரின் கென்னடி வழக்கில், நீதிபதி கோர்சச் "இந்த நீதிமன்றம் லெமனை எப்போதோ கைவிட்டுவிட்டது" என்று எழுதினார். எந்தத் தீர்ப்பில், எந்த நாளில் கைவிட்டது என்று காட்ட முடியாது. இன்றுதான் கைவிடுகிறீர்கள் என்பதே நீதிபதி சோட்டோமயோரின் மாற்றுத் தீர்ப்பு சொன்ன பதில். அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றம் லெமனை இனிச் செல்லாத தீர்ப்பு என்ற அடைமொழியோடு குறிப்பிட்டது. விவாதம் அதோடு அடங்கியது. கடந்த காலத்தைப் பற்றிய ஒரு வாக்கியமே நிகழ்காலத்தில் ஒரு முன்தீர்ப்பை நீக்கியது. இதை நான் நல்ல வழக்கமாகக் கருதவில்லை. கைவிடுவதானால் இன்று கைவிடுகிறோம், காரணம் இது என்று எழுதுவதே நீதிமன்றத்துக்கு அழகு.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய வம்சாவளியினரை வெளியேற்றியதைச் சரியென்ற 1944-ஆம் ஆண்டுக் கோரமட்சு தீர்ப்பின் கதை வேறுமாதிரி. "ஒரே இனக்குழுவின் உரிமைகளைக் குறைக்கும் சட்டங்கள் உடனடியாகச் சந்தேகத்துக்குரியவை" என்ற அதன் வரியையும் அதை ஒட்டிய சொற்களையும், இனப்பாகுபாட்டை உடைத்த பிற்காலத் தீர்ப்புகள் நல்ல நோக்கத்தோடு மேற்கோள் காட்டின. இனக் கலப்புத் திருமணத் தடையை நீக்கிய 1967-ஆம் ஆண்டு லவிங் தீர்ப்பும் அவற்றில் ஒன்று. கொடுமையான முடிவைக் கொண்ட தீர்ப்பு, அதன் ஒரு வரியால் உரிமைகளுக்கு ஆதாரமாக வாழ்ந்தது. 2018-இல் ட்ரம்ப் எதிர் ஹவாய் தீர்ப்பில் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ், கோரமட்சு "தீர்ப்பான நாளிலேயே கடுமையாகத் தவறானது", வரலாற்று நீதிமன்றம் அதை ஏற்கெனவே தள்ளிவிட்டது என்று எழுதி, 1944-இல் நீதிபதி ஜாக்சன் தந்த மாற்றுத் தீர்ப்பின் சொற்களையே எடுத்தாண்டார். தோற்ற பக்கத்தின் எழுத்து 74 ஆண்டுகளுக்குப் பிறகு வென்ற பக்கத்தில் ஏறுவதும் இந்த மேற்கோள் மரபுக்குள் நடப்பதுதான்.

உச்ச நீதிமன்றம் தவறு செய்துவிட்டது என்று கீழ் நீதிபதி கருதினால்?

விமர்சிக்கலாம், ஆனால் பின்பற்ற வேண்டும். நேரடியாகப் பொருந்தும் தீர்ப்பைப் பின்பற்றுங்கள், அதைக் கைவிடும் உரிமையை எங்களிடம் விட்டுவிடுங்கள் என்று 1989-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. பெட்ரோல் நிலையம் நடத்திய கான் என்பவரின் வழக்கில் 7-வது சர்க்யூட் நீதிபதி ரிச்சர்ட் போஸ்னர், உச்சவரம்பு விலை பற்றிய 1968-ஆம் ஆண்டு ஆல்பிரெக்ட் தீர்ப்பின் அஸ்திவாரம் அரித்துப்போய் ஆடுகிறது என்றே எழுதினார், எழுதிவிட்டு அதையே பின்பற்றினார். 1997-இல் உச்ச நீதிமன்றம் ஏகமனதாக ஆல்பிரெக்டைக் கைவிட்டது. கீழ் நீதிமன்றம் கட்டுப்பட்டு நடந்ததே சரி என்றும் குறித்தது.

ஆனால் 1956-இல் மான்ட்கமரி பேருந்து வழக்கு இருக்கிறது. ரோசா பார்க்ஸ் கைதுக்குப் பிறகு நடந்த புறக்கணிப்பின்போது, பேருந்தில் கறுப்பர்களைத் தனியே உட்காரவைக்கும் சட்டம் மாவட்ட நீதிமன்றத்தின் மூவர் அமர்வுக்கு வந்தது. போக்குவரத்தில் "தனித்தனியே, ஆனால் சமமாக" என்பதை ஏற்ற பிளெஸ்ஸியை உச்ச நீதிமன்றம் பெயர் சொல்லிக் கைவிட்டிருக்கவில்லை. பிரௌன் பொதுக் கல்வியைப் பற்றித்தான் பேசியது. நீதிபதிகள் ரைவ்ஸும் ஜான்சனும், பிளெஸ்ஸி வெளிப்படையாக இல்லாவிட்டாலும் உட்பொருளில் கைவிடப்பட்டுவிட்டது என்று தீர்ப்பளித்தார்கள். நீதிபதி லின் மறுத்தார். அதே ஆண்டு நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் மிகச் சுருக்கமான உத்தரவில் அதை உறுதிசெய்தது. அதிலும் பிளெஸ்ஸியின் பெயர் இல்லை. 1989-இன் கண்டிப்பான விதிப்படி பார்த்தால் லின் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்பார்கள். பிரௌனின் காரணத்தை முழுமையாகப் படித்தால் ரைவ்ஸ் படித்த விதத்தைத் தவிர வேறு வழியில்லை என்பதே என் எண்ணம்.

ஒரே ஒரு வாக்கியம் தீர்ப்பையே விழுங்கிவிடுவது உண்டா?

உண்டு. வேலையிடத்தில் மத வழக்கங்களுக்கு இடமளிப்பது பற்றிய 1977-ஆம் ஆண்டு ஹார்டிசன் தீர்ப்பில், அற்பச் செலவுக்கு மேல் ஆனாலே நிறுவனத்துக்கு அது அளவுமீறிய சிரமம் என்ற பொருளில் ஒரு வாக்கியம் இருந்தது. கீழ் நீதிமன்றங்கள் அதைச் சட்டச் சோதனையாகவே ஆக்கிவிட்டன. சனிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டுக்கும் மதம் சார்ந்த உடைக்கும் கேட்டவர்கள் பலர் அந்த ஒரு வாக்கியத்தால் தோற்றார்கள். 2023-இல், ஞாயிறு வேலைக்கு மறுத்த தபால் ஊழியரின் குரோஃப் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏகமனதாக, அந்தத் தீர்ப்பு கணிசமான செலவைப் பற்றியும் பேசுகிறது, ஒரு வாக்கியத்தைத் தனியே பிய்த்தெடுத்தது தவறு என்றது. ஹார்டிசன் கைவிடப்படவில்லை, 46 ஆண்டுகளாகத் தவறாகப் படிக்கப்பட்டது என்று சொல்லப்பட்டது. நிறுவனம் இனிக் கணிசமான கூடுதல் செலவைக் காட்ட வேண்டும்.

இன்னொன்று, 1957-ஆம் ஆண்டுக் கான்லி தீர்ப்பு. எந்த உண்மையை நிரூபித்தாலும் வாதி வெல்ல முடியாது என்பது சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்தால் மட்டுமே வழக்குரையை ஆரம்பத்தில் தள்ளலாம் என்ற அதன் வரி, உரிமையியல் வழக்குகளில் ஓயாமல் மேற்கோளானது. 2007-இல் டுவாம்ப்ளி தீர்ப்பு, ஐம்பது ஆண்டுகள் குழப்பிய இந்தப் புகழ்பெற்ற வரி ஓய்வுபெறட்டும் என்று எழுதியது. தீர்ப்பு இருக்கிறது, வரி மட்டும் போய்விட்டது.

தீர்ப்பில் இல்லாதது தீர்ப்பாக மேற்கோளானதுண்டா?

1886-ஆம் ஆண்டு சாண்டா கிளாரா வழக்கு, ரயில் நிறுவனத்தின் வரி பற்றியது. வாதம் தொடங்குமுன், நிறுவனங்களுக்கும் அரசியலமைப்பின் 14-வது திருத்தம் தரும் சமப் பாதுகாப்பு உண்டா என்ற கேள்வியில் வாதம் வேண்டாம், உண்டு என்றே நாங்கள் எல்லோரும் கருதுகிறோம் என்று தலைமை நீதிபதி வெய்ட் சொன்னதாக, நீதிமன்றத் தொகுப்பாளர் பேன்கிராஃப்ட் டேவிஸ் தீர்ப்புக்கு முன்னால் வைக்கும் சுருக்கக் குறிப்பில் சேர்த்தார். தீர்ப்புக்குள் அந்தக் கேள்வி தீர்மானிக்கப்படவே இல்லை. ஆனால் சில ஆண்டுகளுக்குள் உச்ச நீதிமன்றமே அதைத் தன் முடிவாக மேற்கோள் காட்டத் தொடங்கியது. சுருக்கக் குறிப்பு நீதிமன்றத்தின் எழுத்து அல்ல என்று 1906-இல் டெட்ராய்ட் டிம்பர் தீர்ப்பு எச்சரித்தது. இன்றும் உச்ச நீதிமன்றச் சுருக்கம் ஒவ்வொன்றின் தலையிலும் அந்த எச்சரிக்கை அச்சாகிறது. செய்தி எழுதுபவர்கள் பெரும்பாலும் படிப்பது அந்தச் சுருக்கத்தை மட்டும்தான்.

பெரும்பான்மை ஒரே காரணத்தில் சேராவிட்டால் எதை மேற்கோள் காட்டுவது?

முடிவை ஆதரித்தவர்களில் மிகக் குறுகிய அடிப்படையில் நின்றவரின் கருத்தே நீதிமன்றத்தின் கருத்து என்பது 1977-ஆம் ஆண்டு மார்க்ஸ் தீர்ப்பின் விதி. எது குறுகியது என்பதில் சர்க்யூட்டுகளே ஒத்துப்போவதில்லை.

"வெளியிடப்படாத தீர்ப்பு" என்றால் ரகசியமா?

இல்லை, இணையத்தில் யாரும் படிக்கலாம். முன்தீர்ப்பாகக் கட்டுப்படுத்தாது என்று சர்க்யூட் முத்திரையிட்ட தீர்ப்பு, அவ்வளவுதான். சர்க்யூட் தீர்ப்புகளில் பெரும்பகுதி இந்த வகை. முன்பு பல சர்க்யூட்டுகள் இவற்றை மேற்கோள் காட்டவே தடைவிதித்தன. 2007 ஜனவரி 1 முதல் வந்தவற்றை எந்த ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் காட்டலாம் என்று மேல்முறையீட்டு விதி 32.1 அனுமதிக்கிறது. எவ்வளவு மதிப்பு என்பது நீதிமன்றத்தின் விருப்பம்.

உச்ச நீதிமன்றம் மனுவை ஏற்க மறுத்தால், கீழ்த் தீர்ப்பு சரி என்று ஆகிவிடுமா?

ஆகாது. விசாரிக்க எடுத்துக்கொள்ளவில்லை என்பதைத் தவிர அதற்குப் பொருளே இல்லை. "உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது" என்று அதை எழுதுவது பிழை.

மேற்கோளுக்கு முன்னால் வரும் "ஸீ", "பட் ஸீ" போன்ற சொற்கள் எதற்கு?

அவை பலத்தின் அளவு. ஒன்றும் இல்லாமல் தீர்ப்பின் பெயர் வந்தால், அது நேரடியாக அதையே சொல்கிறது. "ஸீ" என்றால் அதிலிருந்து அந்தக் கருத்து தெளிவாகப் பெறப்படுகிறது. "கம்பேர்" என்ற பொருளில் வரும் "ஸி.எஃப்." என்றால் வேறு விஷயம், ஆனால் ஒத்துப்போகிறது. "பட் ஸீ" என்றால் எதிராகச் சொல்கிறது. நீதிபதி எந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தார் என்பதிலேயே எவ்வளவு நம்பிக்கையோடு அந்தத் தீர்ப்பில் சாய்கிறார் என்று தெரியும். அடைப்புக்குள் "கிளீன்ட் அப்" என்று இருந்தால், மேற்கோளுக்குள்ளிருந்த அடைப்புக்குறிகளையும் உள்மேற்கோள்களையும் களைந்துவிட்டார்கள் என்று அர்த்தம். 2021-இல் உச்ச நீதிமன்றமே இதைப் பயன்படுத்தியது. அதைப் பார்த்தால் மூலத்தை ஒருமுறை திறந்துபார்ப்பது நல்லது.

இணையச் சட்டத் தரவுத்தளத்தில் தீர்ப்பின் பக்கத்தில் சிவப்புக் கொடி இருந்தால் தீர்ப்பு செத்துவிட்டது என்று கொள்ளலாமா?

அவசரப்பட வேண்டாம். 1873-இல் இல்லினாயில் ஃபிராங்க் ஷெப்பர்ட் என்பவர், எந்தத் தீர்ப்பைப் பின்னால் எது மேற்கோள் காட்டியது என்று ஒட்டுச்சீட்டுகளில் அச்சிட்டு விற்கத் தொடங்கினார். வழக்கறிஞர்கள் தீர்ப்புத் தொகுப்பின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டார்கள். இன்றைய சட்டத் தரவுத்தளங்களான லெக்சிஸில் உள்ள ஷெப்பர்ட்ஸும் வெஸ்ட்லாவின் கீசைட்டும் அந்த வேலையின் தொடர்ச்சி. சிவப்பு என்றால் குறைந்தது ஒரு சட்டக் கருத்திலாவது தீர்ப்பு செல்லாது. நீங்கள் தேடும் கருத்து அதே தீர்ப்பில் நலமாக இருக்கலாம். எதிர்ப்பக்கமும் உண்டு: கொடியே இல்லாத தீர்ப்பின் அடிப்படையை வேறொரு தீர்ப்பு பெயர் சொல்லாமல் அகற்றியிருக்கலாம்.

செவ்ரான் போய்விட்டது, அதை நம்பிய பழைய தீர்ப்புகள்?

சட்டம் தெளிவில்லாதபோது அரசு முகமையின் நியாயமான விளக்கத்தை ஏற்க வேண்டும் என்ற 1984-ஆம் ஆண்டு செவ்ரான் தீர்ப்பு, ஆயிரக்கணக்கான ஃபெடரல் தீர்ப்புகளில் மேற்கோளானது. குடிவரவு வழக்குகளிலும் நிறைய. 2024 ஜூன் 28 அன்று லோப்பர் பிரைட் அதைக் கைவிட்டது. ஆனால் செவ்ரானை வைத்து முன்பு வந்த முடிவுகள் அப்படியே நிற்கும், செவ்ரானை நம்பியது என்ற ஒரே காரணம் அவற்றைக் கைவிடப் போதாது என்றும் அதே தீர்ப்பு சொன்னது. முறை போய்விட்டது, அந்த முறையால் வந்த குறிப்பிட்ட முடிவுகள் இருக்கின்றன. உங்கள் குடிவரவு வழக்கறிஞர் ஒரு பழைய தீர்ப்பைக் காட்டினால், "அது செவ்ரான் காலத்தது" என்று மட்டும் சொல்லி ஒதுக்க முடியாது.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு மேற்கோள் எடுக்கலாமா?

எடுத்ததை மூலத்தில் பார்க்காமல் பயன்படுத்தக் கூடாது. 2023-இல் நியூயார்க்கில் மேட்டா எதிர் ஏவியான்கா வழக்கில் வழக்கறிஞர்கள் தாக்கல் செய்த தீர்ப்புகளில் பல இருக்கவே இல்லை. சாட்ஜிபிடி உருவாக்கியவை, ஒன்று 11-வது சர்க்யூட்டின் பெயரில் இருந்தது. நீதிபதி கேஸ்டல் 5,000 டாலர் அபராதம் விதித்தார். எழுதாத தீர்ப்புகளுக்கு யாருடைய பெயர்கள் ஒட்டப்பட்டிருந்தனவோ அந்த நீதிபதிகளுக்குக் கடிதம் அனுப்பவும் உத்தரவிட்டார். இருக்காத தீர்ப்பைக் கண்டுபிடிப்பது ஒருவிதத்தில் எளிது. இருக்கும் தீர்ப்பைப் பாதியாக விவரிப்பதைக் கண்டுபிடிக்க, தீர்ப்பைப் படித்தாக வேண்டும்.

பணம் கட்டாமல் எங்கே படிக்கலாம்?

உச்ச நீதிமன்றத்தின் சொந்த இணையதளத்தில் புதிய தீர்ப்புகள் வந்த அன்றே கிடைக்கும். பழையவற்றுக்குக் கோர்ட்லிசனர் தளமும், கூகுள் ஸ்காலரில் வழக்குகளுக்கான பகுதியும் போதும். கூகுள் ஸ்காலரில் ஒரு தீர்ப்பைத் திறந்து "ஹௌ சைட்டட்" என்பதை அழுத்தினால், பின்னால் வந்த நீதிமன்றங்கள் அதை எந்தச் சொற்களில் விவரித்தன என்று வரிசையாகக் காட்டும். முதலில் ஒசாவாவையும் திண்டையும் திறந்து பாருங்கள். இரண்டுமே அதிக நீளமில்லாதவை.